அளவெடுத்த இடங்கள்

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும், சுவரையும் சாமான்களையும் பார்ப்பதற்கு முன்னால், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது என் பழக்கம். ராசிபுரத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது தானாக வந்துவிடும். பங்குனி பிறந்துவிட்டால் இங்கே வெயில் மேலிருந்து மட்டும் இறங்குவதில்லை. தார்ச்சாலையிலிருந்தும் கரட்டுப் பாறையிலிருந்தும் எதிர்வீட்டுச் சுவரிலிருந்தும் ஏறி வந்து முகத்தில் அடிக்கும். கொல்லிமலையும் சேர்வராயனும் கஞ்சமலையும் தள்ளி நிற்க, நடுவில் கிடக்கும் சமவெளி இது. இங்கே ஓர் அறை அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த அறை வெயிலை என்ன செய்தது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

அழகான வீடுகளைப் பார்ப்பதில் எனக்குத் தீராத ஆசை உண்டு. யார் புதுமனை புகுவிழாவுக்கு அழைத்தாலும் போய்விடுவேன். மொய் எழுதி, சாப்பிட்டு, கூட்டம் கலைந்த பிறகு ஒவ்வோர் அறையாக மெதுவாகச் சுற்றி வருவேன். கதவுக் கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பேன். ஜன்னல் கட்டையில் உட்கார இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். மாடிப்படியில் ஏறும்போது கால் தானாக அடுத்த படியைக் கண்டுகொண்டால், அந்தக் கொத்தனாரை மனதுக்குள் வணங்கிக்கொள்வேன். அப்படிச் சுற்றியதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

*

பரமத்தி வேலூர்ப் பக்கமும் திருச்செங்கோட்டுப் பக்கமும் பழைய தொட்டிக்கட்டு வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. வாசலில் நின்று பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. திண்ணை ஏறி, தலை குனிய வைக்கும் நிலையைத் தாண்டி, இருட்டான நடையில் நாலு எட்டு வைத்த பிறகுதான் தொட்டி. நாலு பக்கத்திலிருந்தும் ஓட்டுச் சரிவு இறங்கி வந்து நடுவில் சதுரமாக வானத்தை விட்டு வைத்திருக்கும். வெளியே கண்ணைக் கூசவைத்த அதே வெயில்தான் அதற்குள்ளும் விழுகிறது. ஆனால் தாழ்வாரத்து நிழலில் நின்று பார்க்கும்போது அதன் சூடு கழன்று, வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த வீடுகள் மேல் மதிப்பு இன்னும் கூடியது. ஒன்றரை அடி மண்சுவர் பகலின் சூட்டை உள்ளே விடாமல் மணிக்கணக்கில் பிடித்து வைக்கும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இடுக்கு உண்டு. கூரைக்கடியில் சேரும் அனல் அந்த இடுக்குகள் வழியாக வெளியேறிவிடும். ராத்திரியில் தொட்டியின் தரை திறந்த வானத்தைப் பார்த்துக் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே தங்கும், மெல்ல ஆசாரம் என்கிற கூடத்துக்கும் அறைகளுக்கும் பரவும். மறுநாள் முற்பகல் வரை வீடு அந்தக் குளிர்ச்சியைச் செலவு செய்யும். மழை பெய்தால் நாலு சரிவின் தண்ணீரும் தொட்டியில் விழுந்து, கல் தூம்பு வழியாக வெளியே போகும். தூண்களுக்கு அடியில் கல் வைத்திருப்பது கரையான் ஏறாமல் இருக்க, சாரலில் அடிமரம் ஊறாமல் இருக்க. அந்தக் கல்லில் தாமரை இதழ் செதுக்கியிருப்பார்கள். வேலை முடிந்த இடத்திலிருந்துதான் அலங்காரம் தொடங்கியிருக்கிறது.

அடுப்படிக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருக்கும். காலையில் மேற்குச் சுவரில் விழும் அந்த ஒற்றை வெளிச்சத்துண்டு உரல், அட்டாலி, தண்ணீர்ப் பானை என்று நகர்ந்து சாயங்காலம் கிழக்குச் சுவருக்கு வந்து சேரும். கடிகாரம் இல்லாத காலத்தில் அதைப் பார்த்தே உலை வைத்திருக்கிறார்கள்.

வெளித்திண்ணையின் உயரம் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம். நடந்து களைத்தவர் முட்டியை அதிகம் மடக்காமல் உட்காரலாம், தலைமாட்டில் உள்ள சரிவில் சாய்ந்து படுக்கவும் செய்யலாம். யாரோ ஒருவரை உட்கார வைத்துப் பார்த்துத்தான் அந்த உயரத்தை முடிவு செய்திருப்பார்கள். ஆனால் அந்தத் திண்ணை எல்லாருக்குமாகப் போட்டதல்ல என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். அந்தக் குடும்பத்தின் காட்டில் காலமெல்லாம் உழைத்தவர்களில் பலர் வாசலுக்கு அப்பால், வெயிலில் நின்றுதான் பேச வேண்டியிருந்தது. ஓர் இடத்தின் அழகை வியக்கும்போது, அது யாரை அளந்து கட்டப்பட்டது, யார் அந்தக் கணக்கில் வரவேயில்லை என்ற கேள்வியும் கூடவே வருகிறது. வர வேண்டும்.

இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960-களின் தொடக்கத்தில் கொழும்பில் எனா டி சில்வாவுக்கு ஒரு வீடு கட்டினார். நகரத்து மனையில், நம் தொட்டியைப் போன்ற நடு முற்றத்தைச் சுற்றி, ஓட்டுச் சரிவோடு கட்டிய வீடு. கட்டடக்கலை படிப்பவர்கள் இன்றைக்கும் அதன் வரைபடத்தை வைத்துப் பாடம் படிக்கிறார்கள். பின்னாளில் அதைக் கல் கல்லாகப் பிரித்து, பாவாவின் தோட்டமான லுனுகங்காவுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். ஒரு வீட்டுக்கு அவ்வளவு மரியாதை செய்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, நம் ஊர் வீடுகளை நினைத்துத் துக்கமாகவும் இருந்தது. இங்கே தொட்டிக்கு மேல் இரும்புக் கம்பியும் தகர ஷீட்டும் போட்டு மூடிவிட்டு, கீழே டியூப் லைட்டை எரியவிடுகிறோம்.

*

காவித் தரையைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு.

சிமெண்டில் ரெட் ஆக்சைடு கலந்து போட்ட தரை அது. போட்ட அன்றே, ஈரம் இழுக்கும் நேரம் பார்த்து, கரணையால் தேய்த்துத் தேய்த்து மெழுக வேண்டும். பொழுது தப்பினால் தரை கெட்டது. பிறகு பல நாள் தண்ணீர் கட்டி வைப்பார்கள். அப்போதும் முழுப் பளபளப்பு வராது. அது வருஷக் கணக்கில் நடந்த கால்களால் வருவது. பழைய வீடு ஒன்றில் தரையை உற்றுப் பார்த்தால், அடுப்படிக்கும் புழக்கடையான பொடக்காளிக்கும் நடுவே ஒரு தடம் மட்டும் கண்ணாடியாக மின்னும். அந்த வீட்டுப் பெண்கள் நடந்த வழி அது. ஆண்கள் உட்கார்ந்த மூலை மங்கலாகவே இருக்கும்.

அந்தத் தரையின் மேல் விரிக்கப் பவானி ஜமக்காளம். ஆற்றுக்கு அந்தக் கரை பவானி, இந்தக் கரை நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம். இரண்டு ஊரும் தறிச் சத்தத்தில் வாழ்பவை. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பட்டை பட்டையாக ஓடும் அந்த நிறங்களைச் சாம்பல் நிறச் சோபாக்களுக்கு நடுவில் பார்த்தால் கொஞ்சம் உரத்து ஒலிக்கும். ஆனால் அது பிறந்தது காவித் தரைக்கும் வெள்ளைச் சுவருக்கும். வேறு ஒன்றுமே இல்லாத ஆசாரத்தில் அதை உதறி விரித்த கணத்தில் பத்துப் பேர் பேச ஓர் அறை உண்டாகிவிடும். நிச்சயதார்த்தம், பாகப்பிரிவினை, பஞ்சாயத்து, இழவு வீட்டுத் துக்கம் எல்லாம் அதன் மேல்தான் நடந்தன. சுருட்டி அட்டாலியில் ஏற்றிவிட்டால் அந்த இடம் நெல் காய வைக்கவும் குழந்தை தவழவும் திரும்பக் கிடைத்துவிடும். ஒரே இடம் ஒரு நாளில் நாலு அறையாக மாறும் இந்த வித்தையை, கால்களை ஊன்றி நகராமல் நிற்கும் மேஜை நாற்காலிகள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டன. முதுகுவலிக்காரருக்கும் வயதானவருக்கும் நாற்காலி தேவை. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆறு பேர் உட்காரும் சோபாவில் ஒருவரும் உட்காராமல், அதற்குக் கீழே தரையில் சாய்ந்து டிவி பார்க்கும் வீடுகளைத்தான் சொல்கிறேன்.

*

கட்டாமலே உண்டான அறைகள் நாமக்கல்லில் இருக்கின்றன.

ஊர் நடுவே எழும்பி நிற்கும் ஒற்றைப் பாறை நாமக்கல் மலை. மேற்கு முகத்தில் நரசிம்மர், கிழக்கு முகத்தில் அரங்கநாதர், இரண்டும் குடைவரைகள். 8-ஆம் நூற்றாண்டில் அதியர் குலத்தார் குடைந்தவை. கிழக்கில் உள்ளதற்குக் கல்வெட்டில் அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று பெயர். மற்ற அறைகளெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து உண்டானவை. இவை எடுத்து எடுத்து உண்டானவை. இங்கே தூண் என்பது எடுக்காமல் விட்ட பாறை. சுவரில் நிற்கும் வராகமும் திரிவிக்கிரமனும்கூட விட்டு வைத்த பாறைதான். தப்பாக ஓர் உளி இறங்கியிருந்தால் ஒட்டவைக்க வழியில்லை.

உள்ளே நின்றால் காது முதலில் வித்தியாசத்தை உணரும். கடைத்தெருச் சத்தம் சட்டென்று பின்வாங்கும். பாறையின் குளிர்ச்சி முதலில் உள்ளங்காலில் ஏறும், பிறகுதான் தோளுக்கு வரும். கண் பழகப் பழகச் சிற்பங்கள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வெளியே வரும். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் கொடுத்துவிடாத அறை மேல்தான் எனக்கு ஆசை அதிகம்.

வெளியே, நரசிம்மரைப் பார்த்தபடி, 18 அடி உயர ஆஞ்சநேயர் கைகூப்பி நிற்கிறார். அவருக்குக் கூரை கிடையாது. வெயிலும் மழையும் பனியும் நேராக அவர் மேல்தான். மலையைக் குடைந்து வீடு கொடுத்த அதே ஊர், இவரை வானத்துக்கடியில் விட்டிருக்கிறது. இரண்டுமே அந்தந்த மூர்த்திக்குப் பொருந்துகின்றன. உள்ளே உக்கிரத்தை அமர்த்த இருட்டு வேண்டியிருக்கிறது. இவருக்கோ எந்தக் கூரையும் காணாது.

*

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு ஓமலூர் வழியாகப் போகலாம். கெட்டி முதலிகள் எழுப்பியது. போகிறவர்கள் எல்லாரும் யாளி வாயில் உருளும் கல் உருண்டையைத் தொட்டுப் பார்ப்பார்கள், கல் சங்கிலியைப் பார்ப்பார்கள். நான் கழுத்து வலிக்கக் கூரையைப் பார்ப்பேன். கல்லில் விரிந்த தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். மேற்குப் பார்த்த கோயில் ஆதலால் அந்தி வெயில் உள்ளே நீண்டு வரும். மாசியில் மூன்று நாள் அது மூலவரைத் தொடும் என்று ஊரார் காத்திருந்து கும்பிடுவார்கள். வீட்டில் மல்லாந்து படுத்தவர் பார்க்க நாம் கூரையில் என்ன வைத்திருக்கிறோம் என்ற கேள்வியோடு ஒவ்வொரு முறையும் அங்கிருந்து திரும்புகிறேன்.

*

இந்தச் சமவெளியின் சனங்கள் முதன்முதலில் ‘பெரிய ஹால்’ ஒன்றைப் பார்த்தது எங்கே? சினிமாவில் என்று நினைக்கிறேன். அந்தச் சினிமாவில் கணிசமான பங்கு சேலத்திலேயே தயாரானது.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டுடியோ. ராஜா ராணிக் கதைகளின் அரண்மனைகளும் தர்பார்களும் நந்தவனங்களும் மரச்சட்டத்திலும் துணியிலும் பிளாஸ்டரிலும் இங்கேதான் எழுந்தன. 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வந்தது, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். திரைச்சீலையின் நிறம், விரிப்பின் நிறம், விளக்கின் நிறம் எல்லாம் அப்போதுதான் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்தன. அதுவரை வீட்டின் நிறம் சுண்ணாம்பு வெள்ளை, காவி, சாணிப் பச்சை, மரத்தின் எண்ணெய்க் கறுப்பு, அவ்வளவுதான்.

வளைந்து இறங்கும் மாடிப்படி, இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பும் ஹால், நடுவில் தொங்கும் சரவிளக்கு: நம் பக்கத்துப் புது வீடுகளில் இன்றைக்கும் தவறாமல் வருபவை இவை. தமிழ்ச் சினிமாப் பணக்காரர் வீட்டிலிருந்து இறங்கி வந்தவை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி, ஒற்றை லாரியில் தொடங்கி, கடன் அடைத்து, ஐம்பது வயதில் வீடு கட்டுகிற ஒருவருக்கு, பத்து வயதில் மணலில் உட்கார்ந்து பார்த்த படியை வைக்கும் உரிமை முழுதாக உண்டு. அந்தப் படியின் கைப்பிடியை அவர் தடவும்போது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அந்த முகத்தில் இருந்த நிறைவு எந்தக் கட்டடக்கலைப் பத்திரிகையின் படத்திலும் நான் பார்க்காதது.

ஸ்டுடியோ இருந்த நிலத்தில் பிறகு குடியிருப்புகள் வந்துவிட்டன. படப்பிடிப்புக்காக வீடுகள் எழும்பிய மண்ணில் இப்போது மெய்யான குடும்பங்கள் துணி காயப் போடுகின்றன.

*

புது வீடுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம்.

எனக்குப் பிடித்தவற்றை முதலில் எழுதுகிறேன். படுக்கையறை ஜன்னலை ஒட்டிப் பலகை போட்டு உட்கார இடம் செய்வது. குளியலறைத் தரை வழுக்காத ஓடு. பீரோவுக்குள் கதவைத் திறந்தால் எரியும் சின்ன விளக்கு. பூஜை அறைக் கதவில் சிறு மணிகள். படிக்கு அடியில் வீணாகக் கிடந்த முக்கோணத்தில் புத்தக அலமாரி. இவையெல்லாம் யாரோ ஒருவர் அந்த வீட்டில் வாழப்போகிறவரைக் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்ததன் அடையாளங்கள். பழைய வீடுகளில் இவை இல்லை.

பிடிக்காதது ஒன்றுதான், ஆனால் அது பெரியது. எல்லாரும் எலிவேஷன் பார்க்கிறார்கள். சாலையிலிருந்து பார்த்தால் கண்ணாடியும் கல்லும் சட்டங்களும் மின்னுகின்றன. உள்ளே மதியம் இரண்டு மணிக்கு நின்று பார்த்தவர் யார்? கான்கிரீட் தளம் காலையிலிருந்து வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு அதைக் கீழே விடத் தொடங்கி நள்ளிரவு வரை விட்டுக்கொண்டிருக்கும். மேற்குச் சுவரில் முழுக் கண்ணாடி வைத்தால் பிற்பகல் வெயில் நேராகக் கட்டிலில் வந்து படுக்கும். அதைத் தடுக்கத் தடித்த திரை, திரையால் இருட்டு, இருட்டுக்கு ஃபால்ஸ் சீலிங்கில் வரிசையாக விளக்கு, சூட்டுக்கு ஏசி. பகலெல்லாம் சூரியன் இருக்கும் ஊரில் பகலெல்லாம் விளக்கு எரிகிறது. தளத்தின் மேல் தட்டோடு பதிப்பது, மேற்கில் ஒரு தாழ்வாரம் இறக்குவது, ஜன்னலுக்கு மேல் சன்ஷேடைக் கஞ்சத்தனம் இல்லாமல் நீட்டுவது, எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுக்கு வழி விடுவது எல்லாம் நம் மேஸ்திரிகளுக்கு நன்றாகத் தெரிந்தவை. வீட்டுக்காரர் கேட்டால் செய்வார்கள். எலிவேஷனில் தெரியாத வேலை என்பதால் கேட்பவர் குறைந்துவிட்டார்கள்.

*

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம். 1925-இல் ராஜாஜி அங்கே காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். சேலத்தில் பேர்பெற்ற வக்கீலாக இருந்தவர், நகரசபைத் தலைவராகவும் இருந்தவர், அந்தப் பொட்டல் காட்டில் சிறு குடிலில் வந்து குடியிருந்தார். கல்கி கொஞ்ச காலம் அங்கே தங்கி ‘விமோசனம்’ பத்திரிகை வேலை பார்த்தார். சாதி பார்க்காமல் ஆசிரமத்தார் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நான் வியந்த உள்ளிடங்களில் அதையும் சேர்க்கிறேன். ராட்டைக்கு ஓர் இடம், படுக்க ஓர் இடம், எழுத ஓர் இடம். குறைவான சாமான் என்பதை இப்போது உலகம் முழுக்க ஒரு பாணியாக விற்கிறார்கள். அந்த வெற்றிடத்துக்கு விலையும் அதிகம். இங்கே அது பாணியாக இல்லை. தொட்டிக்கட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார முடியாதவர் இந்தக் கூரைக்கடியில் பந்தியில் உட்கார்ந்தார் என்பது, எந்தச் செதுக்கிய தூணையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

*

நாமக்கல்லில் நான் பார்த்த மிக அழகான அறை எட்டரை அடிக்கும் குறைவான அகலம் உள்ளது. அதற்கு மேல் போக விதி இடம் தராது. வண்டியின் மொத்த அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. அது லாரியின் கேபின்.

இங்கே பாடி கட்டும் பட்டறைகளுக்கு இந்தியா முழுக்கப் பேர் உண்டு. கம்பெனியிலிருந்து வெறும் சேஸ் வரும். என்ஜின், சக்கரம், ஸ்டியரிங், முன்னால் ஒரு தகர முகப்பு, அவ்வளவுதான். கதவு இல்லை, கூரை இல்லை. அதை ஓட்டி வருகிறவர் பலகை மேல் உட்கார்ந்து, தலையில் துண்டோ ஹெல்மெட்டோ போட்டுக்கொண்டு, காற்றையும் வெயிலையும் முகத்தில் வாங்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் வருவார். பட்டறையில் அந்த எலும்புக்கூட்டைச் சுற்றி ஆசாரி, வெல்டர், டிங்கர், பெயிண்டர், குஷன் வேலைக்காரர், எலக்ட்ரீஷியன் என்று ஒவ்வொருவராக வந்து ஓர் அறையைக் கட்டி எழுப்புவார்கள்.

அந்த அறையில் ஒருவர் வருஷத்தின் பெரும்பகுதியை வாழப்போகிறார். பூனாவுக்கும் நாக்பூருக்கும் அசாமுக்கும் போகிற வண்டி. சொந்த வீட்டில் படுக்கும் ராத்திரிகளைவிட இந்த அறையில் படுக்கும் ராத்திரிகள் அதிகம். இருக்கைக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு படுக்கைப் பலகை. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் அதில் தூங்குவார். தலைக்கு மேல் துணிமணிக்கு ஒரு பெட்டி. கேபினுக்கு வெளியே, பக்கவாட்டில், ஸ்டவ்வும் பாத்திரமும் அரிசியும் வைக்கப் பூட்டுப் போட்ட பெட்டி. டேஷ்போர்டுக்கு மேல் குலதெய்வம், முருகன், பக்கத்தில் வேளாங்கண்ணியோ மெக்காவோ, அதைச் சுற்றி வண்ண விளக்குச் சரம். கூரையில் ரெக்சினைப் பொத்தான் வைத்து இழுத்துத் தைத்த வேலைப்பாடு. கண்ணாடிக்கு மேலே பிள்ளைகளின் பெயர்கள்.

பட்டறை ஒன்றில் ஒரு மத்தியானம் பார்த்தது. வண்டிக்காரரே வந்திருந்தார். நல்ல உயரம். இருக்கைச் சட்டத்தை வைப்பதற்கு முன்னால் ஆசாரி அவரை ஒரு மரப்பெட்டி மேல் உட்காரச் சொன்னார்.

“அண்ணா, கிளட்ச்ச முழுசா மிதிங்க... சரி, விடுங்க. முட்டி இடிக்குதுங்களா?”

“கொஞ்சம் இடிக்குதுங்க ஆசாரியாரே.”

“அப்ப ரெண்டு விரக்கடை பின்னால தள்ளிக்கலாம். படுக்கை அகலம் கொறையும், பரவால்லீங்களா?”

வண்டிக்காரர் யோசித்தார். “படுக்கைல கை வைக்காதீங்க. நம்ம பையன் தூங்கோணும்.”

அவர் ‘பையன்’ என்றது கிளீனரை. அந்தப் பையன் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஆசாரி பின்சுவரின் சட்டத்தைச் சற்றே சாய்த்து இரண்டு விரக்கடையைக் கண்டுபிடித்தார். யாரும் அதைப் பெரிய காரியமாகப் பேசவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த அளவுக்குப் போய்விட்டார். கோடிக் கணக்கில் செலவு செய்து கட்டும் வீட்டில் இப்படி ஓர் உரையாடல் நடந்து நான் கேட்டதில்லை. அங்கே அளவுகள் பிளானில் ஏற்கெனவே இருக்கின்றன.

வெளிப்புறத்துக்கு வருவோம். லாரியின் நெற்றியில் பூ, மயில், கொடி, தாமரை, எழுத்து. தமிழ்நாட்டு லாரியை வடக்கே எந்த தாபாவில் நின்றாலும் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். கையால் எழுதிய எழுத்துக்கு இப்போது ஸ்டிக்கர் வந்து இடம் பிடித்துவிட்டது. இருந்தாலும் எலுமிச்சையும் மிளகாயும் கோத்த சரம் மாறவில்லை, பம்பரின் கறுப்புக் குஞ்சம் மாறவில்லை.

மாற்றம் வேறு பக்கமிருந்து வருகிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி இருந்தாக வேண்டும் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. என்ஜின் சூடு காலடியில், ஆந்திர வெயில் கண்ணாடியில் என்று பல மணி நேரம் ஓட்டியவர்களுக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டிய நியாயம். மனதார வரவேற்கிறேன். அதோடு, கம்பெனியிலேயே முழுக் கேபினும் கட்டி வரும் வண்டிகள் கூடிவிட்டன. மோதலைத் தாங்கும் சட்டம், சோதித்த இருக்கை, பெல்ட். உயிரைக் காக்கும் விஷயங்களில் அவை மேலானவைதான். என் கவலை அந்தப் பென்சிலைப் பற்றியது. கம்பெனி இருக்கை சராசரி மனிதனுக்காக அளந்தது. நம் ஆசாரி அளந்தது இந்த ஆளை. கம்பெனிக் கேபினுக்கு உள்ளேயும் குஷனும் சாமி மேடையும் விளக்கும் படுக்கையும் செய்ய நாமக்கல்லுக்கே வண்டிகள் வருகின்றன என்பது ஆறுதல். அந்தக் கைகளுக்கு இருக்கும் அறிவு வண்டிகளோடு நின்றுவிடக் கூடாது, வீடுகளுக்கும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

*

அந்த அறிவு வரவே இல்லாத இடம் அடுப்படி.

தொட்டிக்கட்டு வீட்டின் எல்லா அழகையும் எழுதிய பிறகு இதை எழுதாமல் விட்டால் குறிப்பு பொய்யாகிவிடும். அந்த வீட்டில் மிக மோசமான அறை அதுதான். புகை போக வழி இல்லாமல் கறுத்த சுவர், குனிந்தே ஊத வேண்டிய அடுப்பு, தண்ணீர் சுமந்து வர வேண்டிய தூரம். சேலத்து மாக்கல்லில் கடைந்த கல்சட்டி, கஞ்சித்தண்ணீரிலும் எண்ணெயிலும் நாள் கணக்கில் பழக்கிக் கறுப்பேறிய அழகான பாத்திரம். அதில் கொதித்த புளிக்குழம்பின் மணம் தொட்டி வரை வரும், கிளறியவர் கண்ணெரிச்சலோடு உள்ளேயே இருப்பார். இன்றைய மாடுலர் கிச்சனில் புகை போய்விட்டது, குனிவதும் போய்விட்டது. மேடை மட்டும் எல்லா வீட்டிலும் ரெண்டே முக்கால் அடி. நாலே முக்கால் அடிப் பெண்ணுக்கும் அதுதான், ஐந்தரை அடிப் பெண்ணுக்கும் அதுதான்.

எங்கள் அண்ணன் வீடு கட்டும் இடத்துக்கு அண்மையில் போயிருந்தேன். பூச்சு வேலை முடியவில்லை. அடுப்படியில் மேடைக்குக் கோடு போட மேஸ்திரி நூல் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணி செங்கல் குவியலைத் தாண்டி உள்ளே வந்து, சுவரோரம் போய் நின்றார்.

“மேஸ்திரி, நான் நின்னு தோசை ஊத்தறாப்புல கையை வெச்சுக்கறனுங்க. அதுக்குக் கீழ நாலு விரக்கடை உட்டுக் கோடு போடுங்க.”

“அளவு கொறஞ்சுதுன்னா கீழ சிலிண்டர் நிக்காதுங்க அம்மணி.”

“சிலிண்டரப் பொடக்காளில வெச்சுக் குழாய் இழுத்துக்கலாம். எனக்குத் தோள் வலிக்குதுங்க.”

மேஸ்திரி சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அண்ணியின் முழங்கைக்குக் கீழே நாலு விரல் வைத்துச் சுவரில் செங்கல் துண்டால் கீறினார். முதலில் நூல் பிடித்த அளவுக்கும் இந்தக் கோட்டுக்கும் நடுவே மூன்று அங்குலம் இருந்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டு எதிர்ச்சுவருக்குப் போனார். அங்கே பிளானில் ஜன்னல் கிடையாது.

“இங்கயும் ஒன்னு வேணுங்க. ரோட்டுல போற பஸ் தெரியோணும்.”